உன் அத்தை மாற்றி வைத்த மாத்திரைகள்

அன்புள்ள செந்தில்,

நேற்று போனில் "அப்பா, தயவுசெஞ்சு இத டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். சண்டைக்கு நிற்கிற மாதிரி பேச உன்னிடம் எனக்கு எப்போதும் வராது, அது உன் அம்மாவின் இலாகா. அதனால் எழுதுகிறேன். எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும், பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான், ஆனால் வரியின் இடது கோடி எனக்கு அவ்வப்போது காணாமல் போய்விடுகிறது. "எழுதுனது மேலயே எழுதுறீங்களே" என்று உன் அம்மா இரண்டு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டாள். நாளைக் காலை நானும் உன் அத்தையும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அங்கே உண்மையைச் சொல்வதா, நீ கேட்டுக்கொண்டபடி வாயை மூடிக்கொண்டு அடுத்த டப்பா மாத்திரையை வாங்கிக்கொண்டு வருவதா என்று யோசித்து யோசித்து எனக்கு மதியத்திலிருந்து சோறு இறங்கவில்லை.

போனில் உனக்குப் பாதிதான் சொன்னேன். முழுவதையும் கேள். உன் அத்தையின் வலது கண் போன விதம் உனக்குத் தெரியும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை. திருவானைக்காவலில் அந்தச் சின்ன அறையில் மிஷின் போட்டு ஊருக்கே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் இடது கண்ணில் நூல் தூசி விழுந்து அதைக் கசக்கி மூடியபோது, எதிரே நின்ற ஆளைக் காணோம் என்று அலறினாள். அதுவரை ஒற்றைக் கண்ணால்தான் தைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. "கிளாக்கோமா, கூடப் பொறந்தவங்க எல்லாரும் வந்து பாத்துக்கணும்" என்று டாக்டர் சொன்னதால்தான் நான் போனேன். எனக்கு இரண்டு கண்ணிலும் இருந்தது. கேட் தூணில் தோளை இடித்துக்கொள்வதும், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ எல்லாம் ஆகாயத்திலிருந்து குதிக்கிற மாதிரி வருவதும் வயசுக் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

ஓரப் பார்வை எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிற அந்த முதல் ஃபீல்டு டெஸ்ட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இருட்டறையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரங்களில் எங்காவது வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். ரொம்ப நேரமாக என் பட்டன் சத்தம் கேட்கவில்லை என்று வெளியே காத்திருந்த உன் அத்தைக்குப் பொறுக்கவில்லை. திரையை விலக்கி, "தம்பி, தூங்கிட்டியா? அழுத்துடா!" என்றாள். நானும் பதறிப்போய் படபடவென்று அழுத்தினேன். மிஷின் ஒத்துக்கொள்ளவில்லை. இல்லாத வெளிச்சத்துக்கெல்லாம் அழுத்துகிறேன் என்று அது கண்டுபிடித்துவிட்டது. டெஸ்ட் எடுத்த பெண் அத்தையை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து எடுத்தாள்.

போன வருஷம் டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்து ஒரு விஷயம் கேட்டார். இப்போது போடுகிற சொட்டு மருந்து கண்ணின் அழுத்தத்தைத்தான் குறைக்கிறது. அழுத்தம் குறைந்த பிறகும் சிலருக்கு நரம்பு தேய்ந்துகொண்டே போகிறது. அந்த நரம்புக்கே தெம்பு கொடுக்குமா என்று ஒரு மாத்திரையை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது, சேர்ந்துகொள்கிறீர்களா என்றார். போன பார்வை திரும்பாது, இருப்பது நிற்குமா என்று பார்க்கத்தான் என்று தெளிவாகச் சொன்னார். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறம், அதே அளவில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியுமாம். உன் அத்தை என் காதோரம், "கண்ணாமூச்சி ஆடறதுக்கு நாமதான் கெடைச்சோமா?" என்றாள். ஆனால் முதலில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆளுக்கொரு டப்பா தருவார்கள். மேலே ஒரு எண் மட்டும் இருக்கும். கூட்டத்தில் இடிபட்டு நான் எதையாவது தவறவிடுவேன் என்று, என் டப்பாவையும் சேர்த்து உன் அத்தைதான் ஒயர் கூடையில் கொண்டுவருவாள். வழியில் திருவானைக்காவலில் இறங்கி அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, என் டப்பாவை வாங்கிக்கொண்டு நான் ஸ்ரீரங்கம் வருவேன். இதுதான் வழக்கம். முதல் டப்பா ஓடும்போது அவளுக்குக் காலையில் வயிற்றைப் புரட்டியது. எனக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது டப்பா ஆரம்பித்த கொஞ்ச நாளில் எனக்குப் புரட்ட ஆரம்பித்தது. அவளிடம் போய்ச் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் ஐயோ என்பார்கள். இவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பொரட்டுதா? நெஜமாவா? காலைலயா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வாந்தி வருவதில் ஒருத்திக்கு இவ்வளவு சந்தோஷமா என்று அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கொய்யாப்பழம் வாங்கினால் அவள் இரண்டையும் ஒரு கடி கடித்துப் பார்ப்பாள். எது இனிப்போ அதை என் பக்கம் தள்ளுவாள். எச்சில் பழம் என்று நான் கத்துவேன். சந்தேகம் தட்டியவுடன் எனக்கு அந்தக் கடிபட்ட கொய்யாதான் நினைவுக்கு வந்தது. "அக்கா, மாத்திரைய மாத்திட்டியா?" என்று நேராகக் கேட்டேன். கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல், "ஆமா, நீ சாப்புட்டுட்டிருந்தப்ப அடுப்படியில வச்சுக் கொட்டி மாத்துனேன். எனக்குப் பொரட்டுச்சுல்ல? அப்ப என்னுதுதான் நெஜம். எனக்கு இருக்கறது ஒத்தக் கண்ணு, அதுலயும் பாதி. அத வச்சு நான் என்னத்தப் பாக்கப் போறேன்? உனக்கு ரெண்டு இருக்கு" என்றாள்.

நான் அழுதேன் செந்தில். அழுகை முடிந்ததும் கோபம் வந்தது. இரண்டும் உண்மை. அவளுக்கு மிச்சமிருக்கும் பார்வை இரண்டு ஜன்னல் கம்பிக்கு நடுவே பார்க்கிற அளவுதான். அதைக் காப்பாற்றக்கூடும் என்று அவள் நம்புகிற ஒன்றைத் தூக்கி என் டப்பாவில் கொட்டிவிட்டு, எனக்குக் கத்தரிக்காய்க் கூட்டு பரிமாறியிருக்கிறாள். டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்றேன். முகம் மாறிவிட்டது. "சொன்னா ரெண்டு பேரையும் நிறுத்திடுவாங்க. உன் கண்ணுக்கு வர்ற மருந்த நீயே தட்டி விடாத. நீ சொன்னேன்னு வையி, உன் வீட்டுப் படி ஏறமாட்டேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள் அவள். உன் கல்யாணத்தில் பந்தியில் நடந்த ஒரு சின்ன விஷயத்துக்காக என் மச்சினரோடு இன்றுவரை பேசாமல் இருப்பவள். அதனால் தெரிந்த பிறகும் அந்த மாத்திரையையே விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

நீயும் அவள் கட்சியில் சேர்ந்துவிட்டாய். "உங்களுக்கு நல்லாத்தானே இருக்கு, போன டெஸ்ட்டுல நின்னிருக்குல்ல, ஏன் கெடுத்துக்கறீங்க?" என்றாய். அக்கறையில்தான் சொன்னாய், தெரியும். நான் சர்வீஸ் முழுக்கக் கரண்ட் ரீடிங் எடுத்தவன். வெயிலில் தெருத்தெருவாகப் போகும்போது பூட்டின வீடு வரும். போன தடவை இவ்வளவு, இந்தத் தடவை இவ்வளவு இருக்கும் என்று தோராயமாக எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். கூட வேலை பார்த்த சிலர் எழுதுவார்கள். அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகாது. பின்னால் ஒருநாள் அந்த வீட்டுக்காரர் எங்கேயோ இருந்து வந்து, ஆளே இல்லாத வீட்டுக்கு இவ்வளவு பில்லா என்று கையில் ரீடிங் அட்டையோடு நிற்பார். பார்க்காத எண்ணை எழுதினால் அது எழுதினவனை விட்டுவிட்டு வேறொருவனைப் போய்ப் பிடிக்கும். எங்கள் இரண்டு பேர் கண்ணும் அந்த ஆராய்ச்சியில் இரண்டு ரீடிங். என் பெயரில் இருப்பது அவள் மாத்திரை, அவள் பெயரில் இருப்பது என் மாத்திரை. நல்ல மருந்தைச் சரியில்லை என்றும், சரியில்லாததை நல்லது என்றும் சொல்ல எங்களைப் போல இன்னும் சில பேர் போதும்.

அது யாரைப் போய்ப் பிடிக்கும் என்றுதான் எனக்குப் பயம். நீ சென்னையில் கண்ணாடி மாற்றப் போன இடத்தில், நரம்பு கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது, ஃபீல்டு டெஸ்ட் எடுங்கள் என்று சொன்னார்கள். நீ எடுக்கவில்லை. தீபாவளிக்கு வந்தபோது மருமகள் கவிதாதான் என்னிடம் தனியாகச் சொன்னாள், பாவம், கண் கலங்கிவிட்டாள். கேட்டதற்கு, வேலை முடியட்டும் என்றாய். அத்தையிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாய். வலிக்கவில்லை, தெரிகிறது, ஓடுகிறது என்று நினைக்கிறாய். உன் அத்தையும் அப்படித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். உனக்கு முப்பத்துநாலு வயது. எனக்கு இந்த மருந்து பலித்தாலும் பலிக்காவிட்டாலும் இன்னும் எத்தனை காலம் பார்க்கப் போகிறேன்? உனக்கு ஒருநாள் மருந்து வேண்டியிருந்தால், அன்றைக்கு டாக்டர் உன் கையில் கொடுப்பது சரியான மருந்தாக இருக்கவேண்டும். சரி என்று அவர் நம்பியது எங்கள் அடுப்படியில் கெட்டுப்போனதாக இருக்கக் கூடாது. நாளை சொல்லத்தான் போகிறேன். இதோடு நிறுத்துகிறேன், உன் அம்மா சொட்டு மருந்தோடு வந்துவிட்டாள்.

மறுநாள், மதியம்.

போய்விட்டு வந்தாகிவிட்டது. சாப்பிட்டவுடனே எழுத உட்கார்ந்துவிட்டேன், நடந்தது நடந்தபடியே உனக்குத் தெரியவேண்டும் என்று.

காலையில் பஸ்ஸில் உன் அத்தைக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன். திருவானைக்காவலில் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு நீ வாயத் தொறக்கமாட்ட" என்றாள். கேட்கவில்லை, அறிவித்தாள். காவிரிப் பாலம் வந்ததும் நான் எப்போதும் ஒரு வேலை செய்வேன். வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் மலைக்கோட்டையைப் பார்ப்பேன். கோட்டை தெரியும், உச்சியில் கோயில் தெரியும். ஆனால் இடப்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் உன் அத்தை தெரியமாட்டாள். இன்றைக்கும் தெரியவில்லை. அவள் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. இதே மாதிரி ஒருநாள் நீ உன் பிள்ளையைத் தேடுவாயோ என்று நினைத்தேன். அவ்வளவுதான், உனக்குச் செய்த சத்தியம் போயிற்று. கோபித்துக்கொள், பரவாயில்லை.

"அக்கா, செந்திலுக்கும் நரம்பு சந்தேகமா இருக்குன்னு சொல்லியிருக்காங்க" என்றேன்.

அவள் திரும்பவே இல்லை. சத்திரத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோதுதான், "எப்ப?" என்று கேட்டாள். சொன்னேன். "டெஸ்ட்டு எடுத்தானா?" இல்லை என்றேன். என்னை அடிக்கப் போகிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். உன்னை அடிக்க வேண்டிய பார்வை அது, பக்கத்தில் நான்தான் இருந்தேன். அப்புறம் ஆஸ்பத்திரி வரைக்கும் கூடைப் பிடியைத் திருகிக்கொண்டே வந்தாள். சொன்னால் படி ஏறமாட்டேன் என்றவள் இவள், இன்றோடு எனக்கு அக்கா இல்லை என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியேறினேன்.

டாக்டரம்மா எங்கள் டப்பாக்களைத் திறந்து மிச்ச மாத்திரையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒழுங்கா சாப்புட்டிருக்கீங்க, சந்தோஷம்" என்றார். நான் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் உன் அத்தை எழுந்து நின்றுவிட்டாள்.

"ஒழுங்கா இல்லீங்கம்மா. நான்தான் மாத்துனேன். என்னுத அவனுக்குக் குடுத்துட்டு அவனுத நான் சாப்புட்டேன். அவனுக்கு அப்பத் தெரியாது. தெரிஞ்சதுலேர்ந்து சொல்லணும் சொல்லணும்னு உயிர வாங்குறான். எங்க வீட்டுப் பையனுக்கு வந்துருக்குமோன்னு இருக்கு. அவனுக்குக் குடுக்கற மருந்து தப்பாயிடக் கூடாது. எழுதிக்குங்க" என்றாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. எந்த டப்பாவிலிருந்து, எத்தனை முறை என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். "மாத்திரைய இன்னையோட ரெண்டு பேரும் நிறுத்தணுங்க. சொட்டு மருந்து எப்பவும் போல போடணும். செக்கப்புக்கு வர்றத மட்டும் விட்டுடாதீங்க. உங்க டெஸ்ட்ட எப்படிக் கணக்குல எடுத்துக்கறதுன்னு ஆராய்ச்சிக் குழு முடிவு பண்ணும். நீங்க சொல்லாம போயிருந்தா அந்தத் தப்பு உள்ளயே இருந்துருக்கும்" என்றார்.

உன் அத்தைக்கு அது எதுவும் காதில் விழவில்லை. "அப்ப எதுதாங்க நெஜ மாத்திரை? இனிமே சொன்னா என்ன?" என்று கேட்டாள்.

"எனக்கே தெரியாதும்மா. முழு ஆராய்ச்சியும் முடிஞ்சாத்தான் தெரியும். ரெண்டு பேருக்கும் ஒண்ணேகூட வந்துருக்கலாம். ரெண்டுமே வெறும் மாத்திரையாவும் இருந்துருக்கலாம்."

"அவனுக்குப் பொரட்டுச்சே?"

"பொரட்டும்னு நெனச்சா சில பேருக்கு வெறும் மாத்திரைக்கே பொரட்டும்மா."

உன் அத்தை மெதுவாக உட்கார்ந்தாள். வெளியே வந்து மாடிப்படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு இடது ஓரம் தெரியாது, அவளுக்கு வலப்பக்கம் முழுக்க இருட்டு, அதனால் படியில் அவள் என் இடப்பக்கம் வருவாள், அது எங்கள் ஏற்பாடு. "அப்ப நான் உனக்கு ஒண்ணுமே குடுக்கலியாடா?" என்றாள். "குடுத்தது வந்து சேந்துருச்சுக்கா" என்றேன். அது மாத்திரையைப் பற்றிச் சொன்னதல்ல என்று அவளுக்குப் புரிந்தது.

இனி எங்களுக்கு அந்த மாத்திரை கிடையாது. நான் பொய்யாகத் தைரியம் சொல்லப் போவதில்லை, பயமாகத்தான் இருக்கிறது. ஒருவேளை அது நிஜமாக இருந்து, ஒருவேளை வேலையும் செய்து, நாங்களே நிறுத்திக்கொண்டோமோ என்று திரும்பி வரும்போது பாலம் முழுக்க நினைத்தேன். இந்தத் தடவை கண்ணை மூடிப் பார்க்கவில்லை. ஆனால் மனசில் பாரம் குறைந்த மாதிரி இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். உன் அத்தை திருவானைக்காவலில் இறங்காமல் நேரே நம் வீட்டுக்கு வந்து, படி ஏறி, உன் அம்மாவிடம் மோர் வாங்கிக் குடித்தாள்.

சொல்ல மறந்துவிட்டேன். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புகிறோம் என்று நான் வாசலுக்கு வந்து பார்த்தால் அவளைக் காணோம். திரும்பிப் போனால் ரிசப்ஷனில் நிற்கிறாள். "பேரு செந்தில். என் தம்பி பையன். ஃபீல்டு டெஸ்ட்டு. வர்ற சனிக்கெழம காலைல. வருவானா மாட்டானான்னு கேக்காதீங்க, வருவான்" என்று எழுத வைத்துக்கொண்டிருந்தாள். ஆகவே வெள்ளிக்கிழமை பஸ் ஏறு. லீவு கிடைக்கவில்லை, மீட்டிங் இருக்கிறது என்பதையெல்லாம் அவளுக்கே போன் போட்டுச் சொல்லிக்கொள், எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

வந்தால் இருட்டறையில் உட்கார வைப்பார்கள். ஒரு கண்ணை மூடிவிட்டு, கையில் பட்டனைத் தருவார்கள். நடுப் புள்ளியைப் பார். ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால் அழுத்து. தெரியாவிட்டால் அழுத்தாதே. ரொம்ப நேரம் ஒன்றுமே தெரியாத மாதிரி இருக்கும், பயம் வரும், சும்மா ஒருமுறை அழுத்திவிடலாமா என்று விரல் துடிக்கும். துடிக்கட்டும், விடு. இருப்பது இருக்கிறபடி தெரிந்தால்தான் மிச்சத்தைக் காப்பாற்ற முடியும். வெளியே பெஞ்சில் உன் அத்தை உட்கார்ந்திருப்பாள். அவள் திரையை விலக்கி உனக்குப் பதிலாக அழுத்திவிடாமல் நான் பிடித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா